ஏழாம் இருக்கையின் முதற்சொல்

துறைமுகத் தெரு
பிப்ரவரி 3

அறிவிற் சிறந்த அக்காவே! அவள் தோளுக்கு மேல் எட்டி இம்மடலைப் படிக்கும் அத்தானே! கதவோரம் நின்று காது கொடுக்கும் மருமகனே! அனைவரும் நலமென்றே நம்புகிறேன்; இங்கும் அனைவரும் நலம். நலம் கேட்டாயிற்று. இனி என் குற்றச்சாட்டைக் கேளுங்கள்!

மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இருக்கை ஒழிகிறது. அதற்கெனத் தேர்வுக் குழு மூன்று பெயர்களைப் பொறுக்கி ஆளுநரிடம் கொடுக்கிறது. அம்மூன்றில் ஒன்று என் உடன்பிறந்தவளின் பெயர். இது செய்தித்தாளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் படித்த எதிர்க்கடை முடிதிருத்துநருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை! மருந்துக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டு ஏணியில் நின்றவனை அண்ணாந்து பார்த்து அவர் கேட்கிறார்: "என்னப்பா, உங்க அக்கா எங்கேயோ போயிட்டாங்க, நீ இன்னும் ஏணியிலயே நிக்கிறியே?" தெரு சிரித்தது. என் தூரிகை வழுக்கியது.

அம்மாவோ, "மூணுல ஒண்ணுதானே, இன்னும் ஆகலையே, நீ யார்கிட்டயும் உளறாதே" என்று எனக்கு வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டு, தானே தெருக்கோடிவரை நடந்து வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். முழங்கால் வலி அன்று மட்டும் விடுப்பில் போயிருந்தது.

சிமெண்டு மூட்டை சுமந்து, அந்தத் தூசியை நெஞ்சில் வாங்கி, இருமி இருமியே அடங்கிய ஒருவரின் மகள் அந்தப் படியேறப் போகிறாள். அதை எனக்குச் சொல்லாமல் இருக்க உனக்கு எப்படி மனம் வந்தது? தேர்வு எப்படி நடக்கிறது? அந்தக் குழுவில் இருப்போர் யார்? நாலு மேடையில் பேசுகிற நான் இந்தத் தெருவில் விடை தெரியாமல் விழிப்பது உனக்கு அழகா? விளக்கமாக எழுது.

கோபமும், அதைவிடப் பெரிய பெருமையும் கொண்ட
உன் தம்பி

*

மலையடிவார நகர்
பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் நலம். உன் மடலைப் படிக்கும்போது அத்தான் ஒலிபெருக்கியைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னார். அம்மாவின் முழங்காலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன்; அவள் பூசிக்கொள்வதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சொல்லாததற்குக் காரணம் எளியது. சொல்லியிருந்தால் நீ மேடை போட்டிருப்பாய்.

இனி நீ கேட்டது. தேர்வுக் குழுவில் எழுவர். மூவரை வழக்கறிஞர்கள் தம்முள் தேர்ந்து அனுப்புகிறார்கள். மூவர் சட்டம் படிக்காத பொதுமக்கள். அவர்களை ஆளுநர் அமர்த்துகிறார். தலைமை நீதியரசர் அவைத்தலைவர். விண்ணப்பித்தவர்களை அவர்கள் திறந்த அரங்கில் கேள்வி கேட்கிறார்கள். யாரும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். பிறகு மூன்று பெயர். அந்த மூன்றுக்கு வெளியே ஆளுநர் கைவைக்க முடியாது. இரண்டு மாதத்துக்குள் அவர் தேர்ந்தெடுக்காவிட்டால் உரிமை அவர் கையைவிட்டுத் தலைமை நீதியரசரிடம் போய்விடும். ஒருவரே ஆளை அமர்த்தக் கூடாது, கூட்டமே ஆளை அமர்த்தவும் கூடாது என்று யாரோ உட்கார்ந்து சிந்தித்திருக்கிறார்கள்.

வழக்கறிஞர்கள் என்னை அரைமணி நேரம் சட்டத்தில் குடைந்தார்கள். அதில் எனக்கு வியர்க்கவில்லை. கடைசியில் குழுவிலிருந்த ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் கேட்டார்: "அம்மா, நீங்க கொடுத்த தீர்ப்பு தப்புன்னு உங்களுக்கே தோணியிருக்கா?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி உச்ச நீதிமன்றம் என் தீர்ப்பை மாத்துச்சு. படிச்சுப் பார்த்தேன். அவங்க சொன்னதுதான் சரி" என்றேன்.

"கோவம் வரலியா?"

"வந்துச்சு. ரெண்டு நாள் வீட்ல யார்கூடவும் பேசல."

"மூணாவது நாள்?"

"பசிச்சுது."

அரங்கம் சிரித்தது. அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

மடலை மூடப்போன நேரத்தில் தொலைபேசி வந்தது. ஆளுநர் அலுவலகம். தம்பி, என்னைத்தான். அம்மாவிடம் நீயே போய்ச் சொல். மெதுவாகச் சொல்.

அன்புடன்
அக்கா

*

துறைமுகத் தெரு
மார்ச் 2

என் குடியின் கொடியே! நலமறிய அவா.

மெதுவாகச் சொல் என்றாய். முயன்றேன். என் தொண்டைக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. அம்மா கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள், மறுபடி மூட்டினாள், "ஏண்டா, நாற்காலி நல்லா இருக்குமா, முதுகு வலிக்குமே அவளுக்கு" என்றாள். பிறகு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

இங்கே உன் புகழ் பேசாத வாயில்லை. சுமைதூக்குவோர் சங்கத் தலைவரை உனக்கு நினைவிருக்கும். பீரங்கி என்று அழைப்போமே, துறைமுகத்தின் இக்கரையில் கத்தினால் அக்கரையில் கேட்கும் குரல். இப்போது அந்தக் குரலில் காற்றுத்தான் வருகிறது. அப்பாவைத் தின்ற அதே தூசி. அவரும் இருநூறு தோழர்களும் நுரையீரல் மருத்துவத்துக்காகச் சிமெண்டுக் குழுமத்தின்மீது வழக்குப் போட்டார்கள். நாட்கூலிகளுக்கு மருத்துவம் பார்க்கும் கடமை குழுமத்துக்கு இல்லையென்று கடற்கோட்ட மேல்முறையீட்டு மன்றம் கைவிரித்துவிட்டது. இப்போது வழக்கு உங்கள் உச்ச நீதிமன்றத்துக்கு வருகிறது. அவர்களுக்கு அதற்குமேல் ஏற ஒரு படியுமில்லை.

பதவி ஏற்றபின் உள்ளே எப்படி இருக்கிறது என்று எழுது. எழுவரும் எப்படி அமர்கிறீர்கள், எப்படி முடிவெடுக்கிறீர்கள், அனைத்தும் வேண்டும். அத்தானுக்கும் மருமகனுக்கும் வணக்கமும் வாழ்த்தும்.

தலை வானத்தில் முட்டி நிற்கும்
தம்பி

*

தலைநகர்
ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

புது வீட்டில் நலம். குழாயில் தண்ணீர் வரும்முன் ஒரு முனகல் வருகிறது. உன் மருமகன் அதற்குத் தலைமை நீதியரசர் என்று பெயர் வைத்திருக்கிறான். அவரிடம் சொல்லிவிடாதே.

முதலில் ஒரு கேள்வி. அந்தச் சுமைதூக்குவோர் சங்கத்தில் நீ உறுப்பினனா? பொறுப்பு ஏதும் வகிக்கிறாயா? நேராக விடை எழுது.

இனி நீ கேட்டவை. ஏழு இருக்கைகள், பிறை வளைவில். நடுவில் தலைமை நீதியரசர். அவரை எழுவரும் தம்முள் இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். பணியில் மூத்தவர் அவருக்கு வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம் என்று மாறி மாறி அமர்ந்தபின் இடக்கோடியில் மிஞ்சுவது என் நாற்காலி. அதற்கு ஒரு கால் குட்டை. முன்பிருந்தவர் மடித்துச் செருகிய அட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது.

வழக்கைக் கேட்டு முடித்தபின் எழுவர் மட்டும் ஓர் அறைக்குள் போகிறோம். எழுத்தர் கூட வர முடியாது. யாராவது கதவைத் தட்டினால் புதியவர்தான் எழுந்து திறக்க வேண்டும். முதல் நாள் நான் நாலுமுறை எழுந்தேன். தலைமை நீதியரசர் சொன்னார்: "கவலைப்படாதீங்கம்மா. நான் ஆறு வருஷம் திறந்தேன். எனக்கப்புறம் ஒருத்தரும் ஓய்வு பெற மாட்டேன்னுட்டாங்க."

அவ்வறையில் முதலில் பேச வேண்டியவரும் புதியவரே. மூத்தவர்கள் பேசிய பிறகு என்றால் இளையவர் வாய் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் தலைமை நீதியரசர் கடைசியில்தான் வாய் திறப்பார். அறுவரும் பேனாவை மூடிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். முதல்முறை என் நாக்கு வறண்டது. இப்போது பழகிவிட்டது. பெருமையாகவும் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன்.

ஏன் ஏழு என்றும் கேட்பாய். சமமாகப் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காக. ஒருவர் விலகி அறுவராகி, மூன்றுக்கு மூன்று நின்றுவிட்டால் கீழ்மன்றத் தீர்ப்பே நிலைத்துவிடும். சில மாநிலங்களில் விலகியவரின் இருக்கைக்கு மேல்முறையீட்டு நீதிபதி ஒருவரை அழைத்துக்கொள்கிறார்கள். நம் மாநிலத்தில் அந்த விதி இல்லை.

இன்னொன்று. என் பதவி இன்னும் உறுதியாகவில்லை. முதல் ஆண்டு முடிந்ததும், அடுத்த ஆண்டு மே மாதத்தில், மக்கள் வாக்களிக்க வேண்டும். எதிர் வேட்பாளர் கிடையாது. இவர் தொடரலாமா? வேண்டும், வேண்டாம். அவ்வளவே. நான் எனக்காக வாக்குக் கேட்கக் கூடாது. வேண்டும் என்றால் பன்னிரண்டு ஆண்டு. வேண்டாம் என்றால் அட்டையை அடுத்தவருக்கு விட்டுவிட்டு வீட்டுக்கு.

அன்புடன்
அக்கா

*

துறைமுகத் தெரு
செப்டம்பர் 12

நீதியின் நெடுங்கோபுரமே! நலம், நலமறிய அவா. அம்மா இப்போது மருந்து பூசுகிறாள். உச்ச நீதிமன்றம் அனுப்பிய மருந்து என்று ஊருக்குக் காட்டிப் பூசுகிறாள்.

உன் கேள்விக்கு விடை மே மாதத்திலேயே எழுதினேன், மீண்டும் சொல்கிறேன். நான் அச்சங்கத்தில் உறுப்பினனும் அல்லேன், பொறுப்பாளனும் அல்லேன். அழைத்தால் பேசுவேன். எனக்குத் தெரிந்த தொழில் இரண்டு: பலகை எழுதுவது, மேடை ஏறுவது.

ஞாயிறன்று அழைத்தார்கள். துறைமுக வாயிலில் கூட்டம். வழக்கு அக்டோபரில் உங்கள் மன்றத்தில் வருவதால் தோழர்கள் சோர்ந்திருந்தார்கள். "அங்க போனா மட்டும் என்ன ஆகப்போவுது" என்று ஒருவர், "எல்லாம் பெரிய இடம்பா" என்று இன்னொருவர். அக்கா, அந்தச் சோர்வை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்தேன். நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன், படித்து மகிழ்:

'தோழர்களே! வழக்கைக் கேட்டு முடித்து எழுவரும் ஓர் அறைக்குள் போவார்கள். கதவு சாத்தப்படும். அங்கே முதலில் வாய் திறப்பது யார் தெரியுமா? என் அக்கா! அவளே எனக்கு எழுதியிருக்கிறாள்! அந்த முதற்சொல் எந்தப் பக்கம் விழும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? தூசியில் மாண்டவரின் மகள் சொல், தூசி தின்பவர் பக்கமே விழும்! இது நான் தரும் வாக்கு!'

கடல் இரைச்சல் கேட்கவில்லை அக்கா, அவ்வளவு கைத்தட்டல். பீரங்கி மூச்சு வாங்க வாங்க வந்து என்னைக் கட்டிக்கொண்டார். நம்மூர்ச் செய்தித்தாளில் படத்துடன் முழுப் பேச்சும் வந்திருக்கிறது. வெட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அப்பா இருந்திருந்தால்!

பெருமிதத்துடன்
தம்பி

*

தலைநகர்
செப்டம்பர் 19

தம்பி,

அனைவரும் நலம்.

பேச்சைச் செய்தித்தாள் கூட்டிக் குறைத்திருக்கிறதா? அல்லது நீ பேசியதே அவ்வளவுமா? ஒரு வரியில் எழுது. உடனே எழுது.

அக்கா

*

துறைமுகத் தெரு
செப்டம்பர் 23

அக்கா! ஓர் எழுத்துக் கூடவில்லை, ஓர் எழுத்துக் குறையவில்லை. உன் தம்பி பேசியது பேசியதுதான்!

*

துறைமுகத் தெரு
பிப்ரவரி 26

அக்காவுக்கு,

அம்மா நலம். உங்கள் நலம் அறிய விரும்புகிறாள். நான் இம்முறை நலம் கேட்கும் நிலையில் இல்லை.

அக்டோபரில் தலைநகர் போய் வந்த தோழர்கள், இடக்கோடி நாற்காலி வெறுமையாக இருந்தது என்றார்கள். உனக்கு உடல்நலம் கெட்டதோ என்று நான் துடித்துப்போய் எழுதினேன். 'உடல்நலத்துக்கு ஒரு குறையும் இல்லை, அம்மாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்' என்று ஒற்றை வரி எழுதினாய். பிறகு நான் எழுதிய இரண்டு மடலுக்கும் வானிலையைப் பற்றியும் மருமகனின் தேர்வைப் பற்றியும் விடை வந்தது.

நேற்றுத் தீர்ப்பு வந்தது. மூன்றுக்கு மூன்று. ஆகவே கீழ்மன்றத் தீர்ப்பு நிலைத்தது. அடியில் ஒரு வரி: 'ஒரு நீதியரசர் பங்கேற்கவில்லை.' காரணம் இல்லை. விளக்கம் இல்லை. ஏழாவது வாய் திறந்திருந்தால் இருநூறு நெஞ்சுக்குக் காற்று கிடைத்திருக்கலாம், அந்த வாய் மூடிக்கொண்டது!

தீர்ப்பு வந்த மாலையில் நான் சங்க அலுவலகத்துக்குப் போனேன். யாரும் நாற்காலி தரவில்லை. பீரங்கி சுவரைப் பிடித்து எழுந்து வந்து, "உங்க அக்கா முதல்ல பேசுவாங்கன்னு சொன்னியேப்பா, கடைசியிலயும் பேசலையே" என்றார். பக்கத்திலிருந்தவர், "மே மாசம் ஓட்டு வருதில்ல, கம்பெனியைப் பகைச்சுக்க முடியுமா? அதான் அம்மா நைசா நழுவிட்டாங்க" என்றார். நான் மறுத்துப் பேச வாய் எடுத்தேன். எதைச் சொல்லி மறுப்பேன்? எனக்கே அதே ஐயம்!

நாற்காலிக்காகத்தான் ஒதுங்கினாயா? ஆம் என்றால் ஆம் என்று எழுது. அப்பாவின் படத்துக்கு முன் நின்று இதை எழுதுகிறேன்.

தம்பி

*

தலைநகர்
மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மாவுக்கு முழங்கால் பட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். இறுக்கிக் கட்டக் கூடாது.

உன் கேள்விக்கு விடையில்லை. நீதியரசர் ஒருவர் ஏன் விலகினார் என்று எங்கள் மன்றம் காரணம் கூறுவதில்லை. ஊருக்குச் சொல்லாததை வீட்டுக்குச் சொல்லும் உரிமை எனக்கில்லை. இந்த வழக்கைப் பற்றி என்னிடம் இனிக் கேட்காதே.

உன்னிடம் நான் இதுவரை ஏதும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். மே வாக்கெடுப்பு முடியும்வரை எந்த மேடையிலும் என் பெயரை எடுக்காதே. புகழ்ந்தும் வேண்டாம், இகழ்ந்தும் வேண்டாம்.

நீ கோபமாக இருக்கிறாய் என்பதற்காக எனக்கு எழுதாமல் இருந்துவிடாதே. திட்டியாவது எழுது. அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்பு மாறாத
அக்கா

*

துறைமுகத் தெரு
ஏப்ரல் 14

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று நம்மூர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு வேலை. அறைக் கதவுக்குப் புதுப் பெயர்ப்பலகை. போன பிறகுதான் தெரிந்தது, அது சிமெண்டுக் குழுமத்தின் வழக்கறிஞர் அறை. மனிதர் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஐயா, வாங்க வாங்க! உங்க கையால பலகை எழுதினாத்தான் எனக்கு ராசின்னு சொல்லித்தான் கூப்பிட்டேன். வழக்கை ஜெயிச்சுக் கொடுத்ததே நீங்கதானே!"

"நானா? நான் எப்படி?"

"பின்னே? உங்க பேச்சு பேப்பர்ல வந்துச்சே, 'முதல் சொல்லு நம்ம பக்கம் விழும், இது என் வாக்கு'ன்னு! நீதிபதி தம்பியே தீர்ப்பை முன்கூட்டி மேடையில அறிவிச்ச பிறகு அந்தம்மா எப்படி உக்கார முடியும்? அவங்க விலகணும்னு மனு எழுத உக்காந்தேன். பாதி எழுதுறதுக்குள்ள அவங்களே விலகிட்டாங்க. எனக்கு வேலையே வைக்கல."

நான் வாக்கெடுப்புக்குப் பயந்துதான் அவள் விலகியதாகச் சொல்கிறார்களே என்றேன். அவர் சிரித்தார், அக்கா. எங்களைத் தோற்கடித்த மனிதர் சிரித்துக்கொண்டே உனக்குச் சான்று சொன்னார்.

"பயமா? பயந்தவங்களா இருந்தா உக்காந்து, உங்க ஆளுங்க பக்கம் சொல்லி, துறைமுகத்து ஓட்டையெல்லாம் மொத்தமா அள்ளியிருப்பாங்களே! அவங்க உக்காந்திருந்தா எந்தப் பக்கம் சொல்லியிருப்பாங்கன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு. பலகையில பேரை நல்லாப் பெரிசாப் போடுங்க."

பெரிதாகவே போட்டேன்.  

நீ நம்பி எழுதிய ஒரு வரியை எடுத்து மேடையில் வாக்குறுதியாக்கினேன். உன் நாற்காலியை வெறுமையாக்கியவன் நான். இருநூறு பேரின் வழக்கை மூன்றுக்கு மூன்றில் நிறுத்தியவன் நான். உண்மை தெரிந்தும் நீ ஏழு மாதம் அதை வெளியே விடாமல், என் வசையையும் வாங்கிக்கொண்டு முழங்கால் பட்டை அனுப்பியிருக்கிறாய்.

வரும் ஞாயிறு காலையிலேயே துறைமுக வாயிலுக்குப் போகப் போகிறேன். உன் மீது பழியில்லை, பழி என் நாக்கின் மீது என்று முழங்கப் போகிறேன். அதன்பின் மேடை ஏறப் போவதில்லை. ஏணி போதும் எனக்கு.

தம்பி

*

தலைநகர்
ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

இம்மடல் விரைவு அஞ்சலில் வருகிறது. நீ வாயிலுக்குப் போகும்முன் தொலைபேசியில் உன் இல்லாளிடம் தடுக்கச் சொல்லிவிட்டேன். "கதவைப் பூட்டிட்டேன் அண்ணி, சாவி என் இடுப்புல" என்றாள். கெட்டிக்காரி.

வழக்கறிஞர் சொன்னதைப் பற்றி நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

போகாதே என்று ஏன் தடுக்கிறேன்? வாக்கெடுப்புக்கு இன்னும் மூன்று வாரம். இப்போது நீ துறைமுக வாயிலில் நின்று அதைச் சொன்னால், உண்மையாகவே இருந்தாலும், அது எனக்கான வாக்குச் சேகரிப்பாகிவிடும். வாக்கு முடிந்தபின் சொன்னால் அது உன் உண்மை மட்டுமே. அதற்குள் அவர்கள் என்னை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொல்லட்டும். என்னை உட்கார வைத்த முறையிலேயே என்னை எழுப்பி அனுப்பும் உரிமையும் இருக்கிறது. பாதியை மட்டும் எனக்குப் பிடிக்கும் என்று நான் சொல்ல முடியாது.

இனி, மேடை ஏற மாட்டேன் என்றாயே, அது. தம்பி, இங்கே தினமும் சொல்வளம் மிக்க பலர் எங்கள்முன் வந்து பேசுகிறார்கள். தவறு செய்துவிட்டேன் என்பதை ஒரு 'ஆனால்' கூடச் சேர்க்காமல் எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உன் மடலை அத்தானிடம் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தி, மீதியை அவரையே படிக்கச் சொன்னேன். அது வருத்தத்தால் அன்று. ஏழாம் இருக்கையில் அமர்ந்த நாளில்கூட எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

நீ செய்த தவறு பேசியது இல்லை. உன்னுடையது அல்லாத ஒரு சொல்லை நீ வாக்களித்தாய். உன் சொந்தச் சொற்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றை எப்படிச் செலவிடுவது என்று ஒரு நீதியரசர் உனக்குச் சொல்லக் கூடாது, சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு வணக்கம். இல்லாளிடம் சாவியை வாங்கிக்கொள்.

உன் அக்கா

*

துறைமுகத் தெரு
மே 11
சுமைதூக்குவோர் சங்கத் தலைவர்க்கும் தோழர்களுக்கும்
(படி: தலைநகரில் உள்ள தமக்கைக்கு)

நெஞ்சில் தூசியையும் முதுகில் மூட்டையையும் சுமக்கும் தோழர்களே! உங்கள் நலம் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்பதை இம்மடலைப் படித்து முடித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. என் அக்கா தொடரலாம் என்று மாநிலம் சொல்லிவிட்டது. நம் துறைமுக வட்டம் மட்டும் வேண்டாம் என்று பெருவாரியாகச் சொன்னது. அது உங்கள் உரிமை. ஒருவர் மீதும் எனக்கு வருத்தமில்லை. இனி நான் எழுதுவதால் அவளுக்கு ஒரு வாக்குக் கூடப் போவதுமில்லை, குறையப் போவதுமில்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன்.

சென்ற செப்டம்பரில் உங்கள் வாயிலில் நின்று, முதற்சொல் நம் பக்கம் விழும் என்று வாக்களித்தேன். அந்தச் சொல் என்னுடையது அன்று. விற்கவோ வழங்கவோ எனக்கு அதில் உரிமை இல்லை. யார் பக்கம் என்று தம்பி மேடையில் அறிவித்துவிட்ட பிறகு அந்த நாற்காலியில் அமரும் நீதியரசரை யார் நம்புவார்? அவள் காரணம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அந்த நாற்காலியை வெறுமையாக்கியது என் நாக்கு. உங்களை மூன்றுக்கு மூன்றில் கொண்டு நிறுத்தியது என் நாக்கு. ஏசுங்கள், நின்று கேட்கிறேன். என் கடைக் கதவு திறந்தே இருக்கும்.

ஒன்றை மட்டும் தலைநிமிர்ந்து சொல்வேன். நம் தெருவில் பிறந்து, நம் தூசியில் தந்தையைப் பறிகொடுத்த ஒருத்தி, நமக்காகக்கூட வளையவில்லை. நமக்கு வளையாதவள் அவர்களுக்கும் வளைய மாட்டாள். இதைவிடப் பெரிய பெருமை இந்தத் தெருவுக்கு இதுவரை வாய்த்ததில்லை!

இனிக் கேளுங்கள், தோழர்களே! உங்கள் வழக்கறிஞர் மறுவிசாரணை மனுப் போட்டிருக்கிறார். அதைக் கேட்பதும் அதே அறுவர் என்றால் மீண்டும் மூன்றுக்கு மூன்று, மீண்டும் அதே சுவர். விலகியவரின் இருக்கைக்கு மேல்முறையீட்டு நீதிபதி ஒருவரைக் குலுக்கலில் எடுத்து அமர்த்தும் விதி வேறு மாநிலங்களில் உண்டு. நம்மிடம் இல்லை. ஒருவர் நேர்மையாக விலகினால் ஏழையின் வழக்கு செத்துப்போக வேண்டுமா? நேர்மைக்கு விலை இருநூறு நுரையீரலா? நம் வட்டத்துப் பேரவை உறுப்பினரை நான் மூன்று நாளாகத் துரத்தினேன். "தலைவலி தாங்கலப்பா, கொண்டாந்து தொலைக்கிறேன்" என்று அந்த ஒரு வரியைச் சட்டத்தில் சேர்க்கும் முன்வரைவில் கையெழுத்திட்டுவிட்டார். பேரவைக் குழு அதை நாளை எடுக்கிறது. கூட்டத்தொடர் வெள்ளியன்று முடிகிறது. தவறினால் ஓராண்டு. பீரங்கியின் நெஞ்சுக்கு ஓராண்டு இருக்கிறதா? அவரையே கேளுங்கள்.

நான் எவர் பெயரையும் எடுக்கப் போவதில்லை. எவர் சொல்லையும் வாக்களிக்கப் போவதில்லை. குழுவின்முன் எந்தக் குடிமகனும் ஐந்து நிமிடம் பேசலாம். நான் பேசுகிறேன். ஆனால் என் ஒருவன் குரல் பற்றாது. இருமுகிறவர் இருமிக்கொண்டே வாருங்கள். எழுந்து நிற்க முடியாதவரைத் தோளில் தூக்கி வாருங்கள். சுமை தூக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நாளை விடியலில் துறைமுக வாயிலில் மூன்று பேருந்துகள் நிற்கும். மூட்டைகளை இறக்கி வையுங்கள். ஏறுங்கள்! ஏழாவது நாற்காலியில் ஓர் ஆளை உட்கார வைக்காமல் பேரவைப் படியை விட்டு இறங்காதீர்கள்!